நைட் டிரெயின் இசைத்தட்டு வாங்கும்முன்: இரண்டாம் பக்கத்தின் கடைசி அங்குலத்தைப் பாருங்கள்

ஆஸ்கர் பீட்டர்சன் டிரியோவின் 'நைட் டிரெயின்' ஜாஸ் பியானோவுக்குப் புதியவர்கள் தாராளமாக நம்பி வாங்கக்கூடிய ஆல்பம். பியானோவில் பீட்டர்சன், பேஸில் ரே பிரவுன், டிரம்ஸில் எட் திக்பென். 1962 டிசம்பர் 15, 16 தேதிகளில் லாஸ் ஏஞ்சலஸில் ரேடியோ ரெக்கார்டர்ஸ் ஸ்டுடியோவில் பதிவாகி, 1963-ல் வெர்வ் நிறுவன வெளியீடாக வந்தது. 11 டிராக், மொத்தம் 45 நிமிடம். பாதி நேரடியான புளூஸ், மீதியிலும் புளூஸ் வாடை. வரலாறு இவ்வளவு போதும்.

பழைய இசைத்தட்டாக இதை வாங்குகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். அட்டை பளபளவென்று இருக்கும், முதல் டிராக் அருமையாக ஒலிக்கும், காசு கைமாறிவிடும். இரண்டாம் பக்கத்தின் கடைசியில் 'ஹிம் டு ஃப்ரீடம்' வரும்போது பியானோ கரகரக்கும். ஆல்பத்தின் உச்சமே அதுதான். அது தட்டில் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பதை வைத்துத்தான் இந்தக் கட்டுரையின் பாதிப் படிகள்.

1. எந்த வடிவம் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

ஸ்ட்ரீமிங்கில் கேட்டாலே போதும் என்றால் செலவு ஏதும் இல்லை. 2-ஆம் படியைப் பார்த்துவிட்டு நேராக 9-க்குப் போங்கள்.

சிடி வாங்குவதானால் 1997-ல் வந்த வெர்வ் மாஸ்டர் எடிஷன் எளிதில் கிடைக்கும், விலையும் குறைவு. அதில் மூல ஆல்பத்தின் 11 டிராக்குகளோடு கூடுதலாக 6 சேர்த்திருக்கிறார்கள். ஸ்ட்ரீமிங்கிலும் பெரும்பாலும் இந்த 17 டிராக் பதிப்புதான் இருக்கும். இங்கே ஒரு சிக்கல்: 'ஹிம் டு ஃப்ரீடம்' முடிந்த கையோடு முதல் டிராக்கின் இன்னொரு வடிவம் ஓட ஆரம்பித்துவிடும். ஆல்பத்துக்கு முடிவே இல்லாததுபோல் தோன்றும். 11-வது டிராக்கோடு நிறுத்திவிடுங்கள். கூடுதல் டிராக்குகளை வேறொரு நாள் தனியாகக் கேட்டுக்கொள்ளலாம். 'மோட்டன் ஸ்விங்' ஒத்திகைப் பதிவு சுவையானதுதான்.

இசைத்தட்டுதான் வேண்டும் என்றால் இரண்டு வழி: 1960-களின் பழைய அச்சு, அல்லது பின்னாளில் வந்த மறு அச்சு. முதல் முறை வாங்குகிறவருக்கு என் பரிந்துரை நல்ல மறு அச்சுதான். முதல் அச்சு என்ற பெயருக்காகத் தேய்ந்துபோன தட்டுக்கு இரட்டை விலை கொடுப்பதில் ஒரு பயனும் இல்லை.

2. அதே பதிவுதானா என்று சரிபாருங்கள்

பீட்டர்சன் இதே பாடல்களை மேடைகளில் பலமுறை வாசித்திருக்கிறார். 'சி ஜாம் புளூஸ்' என்று தேடினால் கச்சேரிப் பதிவுகளும் கலந்து வரும். தொகுப்பு ஆல்பங்களில் நாலைந்து டிராக்குகளை மட்டும் பிய்த்துப் போட்டிருப்பார்கள். நேர அளவை வைத்துச் சரிபார்ப்பதுதான் சுலபம்:

முதல் பக்கம்: ஹேப்பி-கோ-லக்கி லோக்கல் 4:52, சி ஜாம் புளூஸ் 3:26, ஜார்ஜியா ஆன் மை மைண்ட் 3:46, பேக்ஸ் குரூவ் 5:43, மோட்டன் ஸ்விங் 2:55, ஈஸி டஸ் இட் 2:45.

இரண்டாம் பக்கம்: தி ஹனிடிரிப்பர் 2:24, திங்ஸ் எய்ன்ட் வாட் தே யூஸ்ட் டு பி 4:38, ஐ காட் இட் பேட் 5:08, பேண்ட் கால் 3:55, ஹிம் டு ஃப்ரீடம் 5:38.

ஓரிரு வினாடி முன்பின் இருக்கலாம். அரை நிமிடம் வித்தியாசப்பட்டால் அது வேறு பதிவு.

முதல் டிராக்கின் பெயரில் குழம்ப வேண்டாம். ஜாஸ் இசையமைப்பாளர் டியூக் எலிங்டனின் 'ஹேப்பி-கோ-லக்கி லோக்கல்' மெட்டை எடுத்துத்தான் சாக்ஸபோன் கலைஞர் ஜிம்மி ஃபாரஸ்ட் 'நைட் டிரெயின்' என்ற ஹிட்டைக் கொடுத்தார். அதனால் ஒரே டிராக் சில பட்டியல்களில் ஒரு பெயரிலும், சிலவற்றில் மற்றப் பெயரிலும் இருக்கும். இரண்டும் ஒன்றுதான்.

பழைய தட்டு என்றால் பார்க்க வேண்டிய ஆதாரங்கள் மூன்று: அட்டை, நடுவிலுள்ள லேபிள், லேபிளைச் சுற்றியுள்ள பாட்டில்லாத வெற்றுப் பகுதி. ஸ்டீரியோ அச்சின் எண் வி6-8538, மோனோவின் எண் வி-8538. அட்டையில் ஒரு எண்ணும் லேபிளில் வேறு எண்ணும் இருந்தால், உள்ளே இருப்பது வேறு அட்டையிலிருந்து வந்த தட்டு. இது அபூர்வமல்ல, சகஜம். அதனால் அட்டைப் படத்தை மட்டும் நம்பிப் பணம் அனுப்பாதீர்கள். 1963 கால லேபிள் கறுப்பு நிறம், வெள்ளி எழுத்து, கீழ் விளிம்பில் எம்ஜிஎம் நிறுவனத்தின் பெயர். அட்டையில் பார்கோடு இருந்தால் விற்பவர் என்ன சொன்னாலும் அது 1960-களின் அச்சு அல்ல. வெற்றுப் பகுதியில் செதுக்கியிருக்கும் எழுத்துகளைப் படமெடுத்து அனுப்பச் சொல்லி, டிஸ்காக்ஸ் தளத்தில் அந்த அச்சுக்கான பக்கத்தோடு ஒப்பிடுங்கள். ஒவ்வொரு அச்சுக்கும் அங்கே தனிப் பக்கம் உண்டு.

மோனோவா ஸ்டீரியோவா என்று ரொம்ப யோசிக்க வேண்டாம். இன்றைய ஸ்டீரியோ காட்ரிட்ஜில் (ஊசி மாட்டியிருக்கும் சிறு பாகம்) மோனோ தட்டு ஒரு பாதகமும் இல்லாமல் ஓடும். பரண்மேல் கிடக்கும் பழைய மோனோ பிளேயரில் ஸ்டீரியோ தட்டை ஓட்டுவதுதான் தப்பு: அதன் ஊசி மேலும் கீழும் அசைய இடமில்லாதது, பள்ளத்தைச் சிராய்த்துவிடும்.

3. தரக்குறியைப் படிக்கும் விதமும் விலையும்

பழைய தட்டுகளுக்குப் பெரும்பாலும் கோல்ட்மைன் இதழின் தரக்குறியைத்தான் பயன்படுத்துகிறார்கள். விலைக்கான கணக்கும் அதிலேயே இருக்கிறது. 'நியர் மின்ட்' நிலைத் தட்டின் விலை 100 என்றால், 'விஜி பிளஸ்' 50, வெறும் 'விஜி' 25, அதற்கும் கீழே 'ஜி' 10 முதல் 15. 'விஜி' என்பது 'வெரி குட்' என்பதன் சுருக்கம் என்று படித்துவிட்டு நல்ல தட்டு என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். ஒலி தணிந்த இடங்களில் இரைச்சல் கேட்கும் என்றுதான் அதற்கு அர்த்தம். இந்த ஆல்பத்தில் ஒலி தணிந்த இடங்கள் நிறைய இருப்பதால், பியானோ தட்டுக்கு 'விஜி பிளஸ்'க்குக் கீழே இறங்காதீர்கள்.

கேட்கும் விலையைப் பார்த்து மதிப்பிடாதீர்கள். யாரும் எவ்வளவும் கேட்கலாம். டிஸ்காக்ஸில் ஒவ்வொரு அச்சுக்கும் உண்மையில் விற்ற விலைகளின் குறைந்தது, நடுத்தரம், அதிகம் மூன்றும் இருக்கும். நடுத்தர விலைதான் அளவுகோல். அதற்கு மேலே கேட்டால், எந்தக் காரணத்துக்காக என்று விற்பவர் சொல்ல வேண்டும்.

அடுத்து, இந்தத் தரக்குறி எப்படி வந்தது என்று பாருங்கள். விளக்கு வெளிச்சத்தில் கண்ணால் பார்த்துப் போட்டதா, ஓட்டிக் கேட்டுப் போட்டதா? கீறல் கண்ணுக்குத் தெரியும், தேய்மானம் தெரியாது. 1960-களின் சாதாரண வீட்டு பிளேயர்களில் ஊசியின் பாரம் 5 கிராமுக்கும் மேல் இருந்ததுண்டு. அதில் ஐம்பது முறை ஓடிய தட்டு பார்வைக்குக் கண்ணாடிபோல் இருக்கும், ஓட்டினால் கரகரக்கும்.

4. கடைசி அங்குலம் ஏன் முக்கியம்

இது புரிந்துவிட்டால் மற்ற படிகளுக்கு விளக்கமே தேவையில்லை.

தட்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்று, அதாவது ஒரு சுற்றுக்கு 1.8 வினாடி. வெளி விளிம்பில் ஊசி வினாடிக்குச் சுமார் 51 சென்டிமீட்டர் பள்ளத்தைக் கடக்கிறது. லேபிள் அருகே வந்ததும் சுற்று சிறிதாகிவிடுவதால் வினாடிக்கு 21 சென்டிமீட்டர்தான். அதே அளவு இசையைப் பாதிக்கும் குறைவான நீளத்தில் நெருக்கி எழுத வேண்டியிருக்கிறது. நுணுக்கமான அலைகளை உருண்டை முனை ஊசி படிக்க முடியாமல் உரசிக்கொண்டு போகிறது. தேய்மானமும் அங்கேதான் முதலில் விழுகிறது.

இரண்டாம் பக்கம் 22 நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. அதன் கடைசி 5 நிமிடம் 38 வினாடி, கிட்டத்தட்ட 188 சுற்று, முழுக்க 'ஹிம் டு ஃப்ரீடம்'. மெல்லத் தொடங்கி, வலக்கை டிரெமலோவாக (சுரங்களை மாறிமாறி வேகமாக அடிப்பது) அதிர்ந்து உச்சத்துக்குப் போகும் டிராக். பியானோவில் அழுத்தமான டிரெமலோவை நெருக்கமான பள்ளத்தில் படிப்பதைவிடக் கடினமான சோதனை ஊசிக்குக் கிடையாது. தட்டில் எங்காவது தேய்மானம் இருந்தால் அங்கே வெளிப்பட்டுவிடும்.

துளை மையத்தில் இல்லாத தட்டும் அங்கேதான் அதிகம் காட்டிக்கொடுக்கும். மையம் 1 மில்லிமீட்டர் விலகினால், வெளி விளிம்பில் சுருதி மேலும் கீழும் 0.7 சதவீதம் அலையும். உள் விளிம்பில் அதே விலகல் சுமார் 1.7 சதவீதமாகிறது. 1.7 சதவீதம் என்றால் அரைச்சுரத்தில் கால் பங்குக்கும் கொஞ்சம் மேல். குரலிலும் டிரம்பெட்டிலும் இயல்பாகவே கொஞ்சம் அசைவு இருப்பதால் இது மறைந்துவிடும். பியானோவின் சுருதி தானாக அசையாது. நீண்டு ஒலிக்கும் ஒரு கார்டு (ஒன்றாக ஒலிக்கும் பல சுரங்கள்) 1.8 வினாடிக்கு ஒருமுறை ஏறி இறங்கினால் சுருதி ஞானம் உள்ள யாருக்கும் காது கூசும்.

5. விற்பவரிடம் கேட்க வேண்டியவை

பணம் கட்டும்முன் எழுத்தில் கேளுங்கள். தொலைபேசியில் சொன்னது பிற்பாடு ஆதாரமாகாது.

இரண்டு பக்க லேபிளும் வெற்றுப் பகுதி எழுத்தும் தெரியும்படி படம். தட்டை ஒற்றை விளக்கின் கீழே சாய்த்துப் பிடித்து எடுத்த படம். இரண்டாம் பக்கக் கடைசி டிராக்கின் கடைசி ஒரு நிமிடத்தை ஓட்டிக் கைபேசியில் பதிந்து அனுப்ப முடியுமா என்ற கேள்வி. இந்த மூன்றும் போதும்.

கடைசிக் கேள்விக்கு வரும் பதிலே பாதி விஷயத்தைச் சொல்லிவிடும். நல்ல விற்பனையாளர் பதிந்து அனுப்புவார், அல்லது 'நேரமில்லை, திருப்பி எடுத்துக்கொள்கிறேன்' என்று எழுதித் தருவார். இரண்டும் இல்லாமல் 'அறுபது வருஷத் தட்டு, அப்படித்தான் இருக்கும்' என்றால் விட்டுவிடுங்கள். இந்த ஆல்பம் அரிதானது இல்லை.

6. வெளிநாட்டிலிருந்து இந்தியாவுக்கு வரவழைப்பது

டொராண்டோவிலோ லண்டனிலோ இருப்பவர்கள் நேரில் கடைக்குப் போய்ப் பார்த்து வாங்கலாம், இந்தப் படியைத் தாண்டிவிடுங்கள். இந்தியாவில் இருப்பவர்களுக்குத் தட்டின் விலையைவிட மற்ற செலவுகள் கூடிப்போகும் அபாயம் உண்டு.

*செலவு.* சுங்க வரி தட்டின் விலைக்கு மட்டும் அல்ல. விலை, அனுப்பும் செலவு, காப்பீடு மூன்றையும் கூட்டிய தொகைக்கு. தட்டு 3,000 ரூபாய், அனுப்ப 2,500 ரூபாய் என்றால் கணக்கு 5,500-க்கு மேலேயிருந்து தொடங்கும். அதன்மேல் ஜிஎஸ்டி. கூரியர் நிறுவனம் தன் கையாள் கட்டணத்தைத் தனியாகச் சேர்க்கும். வெளிநாட்டு நாணயத்தில் கட்டினால் வங்கி தன் பங்குக்குப் பிடிக்கும். சாதாரண கடன் அட்டைகளில் 3.5 சதவீதம் வரை, அந்தக் கட்டணத்துக்கு ஜிஎஸ்டி வேறு. வரி விகிதம் பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறக்கூடும் என்பதால், ஆர்டர் போடும் வாரத்தில் சுங்கத்துறை தளத்தில் பார்த்துவிட்டுக் கணக்குப் போடுங்கள்.

ஒரே விற்பவரிடமிருந்து இரண்டு மூன்று தட்டு சேர்த்து வாங்குவது நல்லது. ஒரு தட்டு அட்டை, பெட்டியோடு அரை கிலோவைத் தாண்டும். இரண்டாவது தட்டைச் சேர்க்கும்போது பெட்டியின் எடை மறுபடி கூடாது என்பதால் தபால் செலவு இரட்டிப்பாகாது.

*ஆவணம்.* கூரியர் வழியாக வந்தால் கேஒய்சி கேட்பார்கள். தனிநபருக்கு ஆதார், கடவுச்சீட்டு போன்ற அடையாள, முகவரிச் சான்று. பார்சலில் எழுதியிருக்கும் பெயரும் சான்றில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். தமிழ்ப் பெயர்களில் தகராறு வருவது இங்கேதான்: சான்றில் இனிஷியல் முன்னால், ஆர்டரில் அப்பா பெயர் முழுதாகப் பின்னால். ஆர்டர் போடும்போதே சான்றில் உள்ளபடி எழுதிவிடுங்கள். கூடவே விற்பனை ரசீது, பணம் கட்டிய அத்தாட்சி இரண்டையும் பிடிஎஃப் ஆக வைத்துக்கொள்ளுங்கள். கேட்ட அன்றே அனுப்பாவிட்டால் பார்சல் கிடங்கில் தங்கும், தங்கும் நாளுக்கு வாடகை ஏறும்.

'பரிசு' என்று எழுதி விலையைக் குறைத்துப் போடச் சொல்லாதீர்கள். பரிசு என்றாலும் வரி விலக்கு கிடையாது. வழியில் தட்டு உடைந்தால் இழப்பீடும் எழுதிய விலைக்குத்தான் கிடைக்கும்.

*காலம்.* கூரியர் பொதுவாக ஒன்றிரண்டு வாரம். சாதாரண தபால் ஒரு மாதமும் ஆகும், அதற்கு மேலும் ஆகும். தபாலில் வந்தால் வரியைத் தபால்காரரிடமே கட்டி வாங்கிக்கொள்ளலாம். பேபாலில் கட்டியிருந்தால் பணம் கட்டிய நாளிலிருந்து 180 நாளுக்குள் புகார் பதியலாம். அந்தக் கெடு பார்சல் வந்த நாளிலிருந்து அல்ல.

*பொதி.* தட்டை அட்டைக்கு வெளியே எடுத்து, உள்ளுறையோடு அட்டையின் பின்னால் வைத்துக் கட்டச் சொல்லுங்கள். உள்ளேயே வைத்து அனுப்பினால் பெட்டி விழும் ஒவ்வொரு முறையும் தட்டின் விளிம்பு அட்டையின் தையலில் இடித்துக் கிழிக்கும்.

7. வந்த அன்றே செய்ய வேண்டிய சோதனை

பெட்டியைத் திறப்பதைக் காணொளியாக எடுத்துக்கொள்ளுங்கள். எண்களைச் சரிபாருங்கள். பிறகு முதல் டிராக்கைப் போடாமல் இரண்டாம் பக்கக் கடைசி டிராக்கில் ஊசியை இறக்குங்கள்.

கேட்கும் குறையை வைத்துக் காரணத்தைப் பிரித்தறியலாம்:

டிக், டிக் என்று 1.8 வினாடிக்கு ஒருமுறை சீராக வந்தால் அது குறுக்குக் கீறல். கழுவினாலும் போகாது. சில சுற்றுகளில் நின்றுவிட்டால் பொறுத்துக்கொள்ளலாம்.

சீரில்லாமல் அங்கங்கே பொரிகிற சத்தம் என்றால் அழுக்கு. கழுவினால் பெரும்பகுதி போய்விடும்.

அமைதியான இடங்கள் சுத்தமாக இருந்து, ஓங்கி அடிக்கும் சுரங்களில் மட்டும் கரகரத்தால் தேய்மானமாக இருக்கலாம், அல்லது உங்கள் ஊசி சரியாக உட்காரவில்லை. சந்தேகம் தீர, புதிதாக வாங்கிய வேறொரு தட்டின் கடைசி டிராக்கைப் போட்டுப் பாருங்கள். அதுவும் கரகரத்தால் குற்றம் உங்கள் பக்கம்; 8-ஆம் படிக்குப் போங்கள். அது சுத்தமாக ஒலித்தால் விற்பவருக்கு எழுதுங்கள்.

சுருதி அலைந்தால், ஓடும்போது டோன்ஆர்மின் (ஊசியைத் தாங்கும் கை) தலையை மேலிருந்து பாருங்கள். உள்ளே போய்க்கொண்டே ஒவ்வொரு சுற்றுக்கும் இடமும் வலமுமாக ஆடினால் துளை மையத்தில் இல்லை. துளையைச் சுரண்டிப் பெரிதாக்கிச் சரிசெய்யும் வித்தை ஒன்று உண்டு. முதல் தட்டிலேயே அதில் இறங்க வேண்டாம், திருப்பி அனுப்பிவிடுங்கள்.

அலையாமல், தொடக்கம் முதல் கடைசி வரை சுருதி ஒரே அளவில் தள்ளி இருந்தால் பிளேயரின் வேகம் தவறு. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் 180 கோடுள்ள ஸ்ட்ரோப் தாளை (வேகம் பார்க்கும் வட்டத் தாள்) சுழலவிட்டுப் பாருங்கள், கோடுகள் நின்றதுபோல் தெரிய வேண்டும். பல எல்இடி விளக்குகளில் இது தெரியாது, பழைய குண்டு பல்பு வேண்டும்.

8. கழுவுதலும் ஊசியும்

காய்ச்சி வடித்த நீர் 4 பங்கு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் 1 பங்கு. குழாய்த் தண்ணீர் வேண்டாம், உப்பு பள்ளத்தில் படிந்து நிரந்தரச் சத்தமாகிவிடும். பாத்திரம் கழுவும் சோப்பும் வேண்டாம். லேபிளில் ஈரம் படாமல், மைக்ரோஃபைபர் துணியால் பள்ளத்தின் போக்கிலேயே வட்டமாகத் துடையுங்கள். குறுக்கே இழுக்கவே கூடாது. பிறகு வெறும் காய்ச்சி வடித்த நீரால் இன்னொரு முறை. முழுக்கக் காய்ந்த பிறகே உறையில் போடுங்கள். கடலோர ஊர்களில் மழைக்காலத்தில் ஈரத்தோடு மூடி வைத்தால் அட்டையில் பூஞ்சை பிடிக்கும். பழைய காகித உள்ளுறையை அட்டைக்குள்ளேயே பத்திரப்படுத்திவிட்டு, தட்டுக்குப் பாலித்தீன் உள்ளுறை வாங்குங்கள். பிவிசி உறை கூடாது, நாளடைவில் தட்டின் மேல் மங்கல் படியவிடும்.

ஊசியில் இந்த ஆல்பத்துக்குத் தேவையானது உள் பள்ளத்தைச் சமாளிக்கும் முனை. ஆடியோ-டெக்னிகாவின் விஎம்95 வரிசையை எடுத்துக்கொண்டால், ஒரே காட்ரிட்ஜில் உருண்டை, நீள்வட்டம், மைக்ரோலீனியர் என்று முனைகளை மாற்றி மாட்டலாம். உருண்டை முனையில் கடைசி டிராக் மங்கித்தான் ஒலிக்கும். நீள்வட்டம் நடுத்தரம். மைக்ரோலீனியர் விலை அதிகம். ஆனால் நிறுவனத்தின் கணக்குப்படி நீள்வட்டம் 300 மணி நேரம் தாங்கும் இடத்தில் இது 1,000 மணி நேரம். மணிக் கணக்கில் வகுத்துப் பார்த்தால் விலை அப்படியொன்றும் அதிகமில்லை.

பாரம் நிறுவனம் சொன்ன எல்லைக்குள் இருக்கட்டும். விஎம்95 வரிசைக்கு 1.8 முதல் 2.2 கிராம், நடுவே 2.0. தட்டுக்கு நல்லது என்று நினைத்து 1.5-ல் வைப்பவர்கள் இருக்கிறார்கள். அது நல்லதல்ல: பாரம் குறைந்த ஊசி ஓங்கிய சுரங்களில் பள்ளத்தை விட்டு எகிறி, திரும்ப விழும்போது சுவரை இடிக்கும். சின்னத் தராசு ஒன்று வாங்குங்கள், டோன்ஆர்மில் உள்ள எண்ணை மட்டும் நம்பாதீர்கள். காட்ரிட்ஜ் சரியான கோணத்தில் உட்கார்ந்திருக்கிறதா என்று அச்சிட்ட அளவுத்தாளில் பாருங்கள். பேர்வால்ட் என்ற கணக்கு முறையில் நேராக நிற்க வேண்டிய இரண்டு புள்ளிகள் மையத்திலிருந்து 66 மில்லிமீட்டர், 120.9 மில்லிமீட்டர். உள்ளே இருக்கும் 66-ஐ முதலில் சரிசெய்யுங்கள், காரணம் தெரியும்தானே.

9. கேட்கும் வரிசை

ஆல்பத்தை முதல் டிராக்கிலிருந்து ஓடவிட்டால் இனிமையாகப் போய்விடும், உள்ளே என்ன நடக்கிறது என்பது பிடிபடாமல். முதல் வாரம் வரிசையை மாற்றிக் கேளுங்கள்.

*முதலில் சி ஜாம் புளூஸ்.* மெட்டில் ஜி, சி என்று இரண்டே சுரம். நாலு பார் நீளமுள்ள ஒரே சொற்றொடர் மூன்று முறை வரும். ஒரு பாருக்கு 4 அடி. ஆக 12 பார், 48 அடி, ஓர் ஆவர்த்தனம். ஜாஸ்காரர்கள் அதைக் கோரஸ் என்பார்கள். மெட்டு முடிந்ததும் அதே 48 அடியின் மேல் கற்பனை தொடங்குகிறது. அடித்தளம் மாறாது: முதல் 4 பார் சி-யில் இருப்பு, 5, 6-ல் எஃப், 7, 8-ல் திரும்ப சி, 9, 10-ல் ஜி-யின் இழுப்பு, 11, 12-ல் சி-யில் ஓய்வு. 5-வது பாரில் எஃப்-க்கு மாறும் இடத்தை மட்டும் காதால் பிடித்துவிட்டால் போதும், மற்றவை தாமாக வந்துவிடும்.

எண்ணுவதற்குப் பியானோவைப் பின்தொடராதீர்கள்; அது உங்களை இழுத்துக்கொண்டு ஓடிவிடும். ரே பிரவுனின் பேஸைப் பிடியுங்கள். நடை விழுந்ததும் அடிக்கு ஒரு சுரம். சில இடங்களில் பாருக்கு இரண்டு சுரம் மட்டும் வாசிப்பார். வேகம் பாதியாகிவிட்டது என்று ஏமாறாதீர்கள். பேஸும் டிரம்ஸும் சட்டென்று நின்று பியானோ மட்டும் ஓடும் இடத்தில் எண்ணிக்கை நழுவினால், மூவரும் சேர்ந்து இறங்கும் அடியில் திரும்பப் பிடித்துக்கொள்ளலாம்.

தாளம் போடுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. நம் கை பழக்கத்தில் 1, 3-ல் விழும். இங்கே எட் திக்பெனின் ஹை-ஹாட் (காலால் மூடித் திறக்கும் ஜோடிச் சிம்பல்) மூடுவது 2, 4-ல். 1, 3-ல் தட்டிக்கொண்டு கேட்டால் இசை நொண்டுவதுபோலவே இருக்கும்.

*அடுத்து பேக்ஸ் குரூவ்.* மில்ட் ஜாக்சனின் மெட்டு, இதுவும் 12 பார். ஆல்பத்தின் நீளமான புளூஸ் என்பதால் கோரஸ் கோரஸாக ஏற்றம் எப்படிக் கட்டப்படுகிறது என்று பார்க்க நிறைய இடம் இருக்கிறது. இங்கே கவனிக்க வேண்டியது வலக்கை: கோமள காந்தாரத்தைத் தொட்ட வேகத்தில் அந்தர காந்தாரத்துக்கு நழுவும் அந்த நொடி. பியானோவில் கமகம் கிடையாது. இரண்டு கட்டையை அடுத்தடுத்து நசுக்கித்தான் அந்த இழைவைக் கொண்டுவருகிறார்கள். புளூஸ் வாடை முழுக்க அதில்தான் இருக்கிறது. அடுத்து ஒரு கோரஸில் இரண்டு கையும் பூட்டியதுபோல் ஒன்றாக நகர்ந்து கார்டுகளை அடுக்கினால், ஏற்றம் உச்சத்தை நெருங்குகிறது என்று அர்த்தம்.

*பிறகு ஜார்ஜியா, மோட்டன் ஸ்விங்.* இவை 12 பார் அல்ல. 8 பார் பகுதி இரண்டு முறை, வேறொரு 8 பார், மீண்டும் முதல் பகுதி என்று 32 பார். இவற்றில் 12 எண்ணிப் பார்த்துக் குழம்புகிறவர்கள் பலர்.

*கடைசியில்தான் ஹிம் டு ஃப்ரீடம்.* பியானோ தனியாகத் தொடங்கும். தேவாலயப் பாட்டின் நடை. பேஸும் டிரம்ஸும் வந்து சேர்ந்த பிறகும் ஒலியளவைக் கூட்டாதீர்கள். தொடக்கம் சன்னமாக இருக்கிறதே என்று கூட்டிவிட்டால், டிரெமலோ வரும்போது எழுந்துபோய்க் குறைக்க வேண்டியிருக்கும். அளவை முதல் பக்கத்தில் சி ஜாம் புளூஸுக்கு வைத்ததிலேயே விட்டுவிடுங்கள். டிராக் முடிந்ததும் ஊசி வெற்றுப் பகுதியில் சுற்றிக்கொண்டே இருக்கும். தானாகத் தூக்கும் வசதி உங்கள் பிளேயரில் இல்லையென்றால், கடைசி கார்டு அடங்கியதும் போய்த் தூக்கிவிடுங்கள்.